கடலில் நீந்தியவர்கள் காட்டருவிக்குப் போகும்போது

கேள்வி: ஐயா, எங்களுக்குத் தூத்துக்குடி திரேஸ்புரம். அப்பா சங்கு குளித்தவர். நானும் கூட்டாளிகள் ஐந்து பேரும் துறைமுகத்தில் வேலை பார்க்கிறோம். எல்லோருக்கும் நீச்சல் நன்றாகத் தெரியும், மலையேறிப் பழக்கமில்லை. குற்றால சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பி, பேரருவிக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் செண்பகாதேவி அருவிவரை நடந்து, குளித்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்ப ஆசை. 58 வயதான அம்மாவும் வருகிறேன் என்கிறார்கள். அவர்களுக்கு மூட்டுவலி உண்டு. எப்படித் திட்டமிடுவது?

பதில்: தாராளமாகத் திட்டமிடுங்கள். திருநெல்வேலி, தென்காசி வழியாகக் குற்றாலம் சுமார் 110 கிலோமீட்டர்தான். பேரருவியிலிருந்து செண்பகாதேவிக்கு மேலே இரண்டு மூன்று கிலோமீட்டர் நடை. சுமை தூக்கிப் பழகிய உடம்புக்கு இது பெரிய ஏற்றமில்லை. எனக்குக் கவலை தருவது 'நீச்சல் நன்றாகத் தெரியும்' என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிதான். அதற்கு வருகிறேன்.

முதலில் அனுமதி. பேரருவிக்கு மேலே இருப்பது காப்புக்காடு. வனத்துறைக்குத் தெரியாமல், யாரோ ஒருவர் 'நான் கூட்டிப்போகிறேன்' என்றார் என்று ஏறிவிடாதீர்கள். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற வந்தவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கி, 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, இணையத்தில் முன்பதிவும் கூடவே வழிகாட்டியும் ஏற்பாடு செய்தது. அதில் குற்றாலப் பாதைக்கு நீங்கள் போகும் தேதியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். குற்றாலம் வனச்சரக அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு வாரநாளில் ஒருநாள் லீவு போடுங்கள். சீசன் ஞாயிற்றுக்கிழமையில் வண்டி நிறுத்த இடம் தேடியே காலைப்பொழுது போய்விடும்.

எந்த மாதம்? கச்சான் வீசும் ஆனி, ஆடியில் தூத்துக்குடியில் மழையே இருக்காது, புழுதியும் உப்புக்காற்றும்தான். அதே தென்மேற்குக் காற்று கேரளத்தை நனைத்துவிட்டு செங்கோட்டைக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் வரும்போது குற்றாலத்தில் சாரலாக இறங்குகிறது. ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை இந்தப் பகுதியில் என்ன செய்யும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் நீங்கள்.

ஆனால் சீசன் மாதம் என்பதாலேயே ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்த 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அது கோடைமழை. சீசனிலும் மலையுச்சியில் ஒரு மணி நேரம் கொட்டினால் போதும். கீழே வெயில் அடித்தாலும் தண்ணீர் வந்துவிடும். கடலுக்குப் போகுமுன் வானத்தையும் காற்றையும் பார்ப்பது உங்கள் வீட்டுப் பழக்கம். இங்கே தலைக்கு மேலிருக்கும் வானத்தைப் பார்த்துப் பயனில்லை, மேலே மலையைப் பார்க்க வேண்டும். முகடு கறுத்து மூடியிருந்தால் ஓடைப்பக்கமே போகாதீர்கள். கரையில் உட்கார்ந்ததும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தெரியும் ஒரு கல்லைக் குறித்துவைத்து அடிக்கடி பாருங்கள். கல் முங்கினாலோ, தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கனத்தாலோ அந்த நிமிடமே எழுந்துவிட வேண்டும். பையை எடுக்கத் திரும்பாதீர்கள். ஓடையோரமாகவே கீழே ஓடுவதும் தவறு. பக்கவாட்டில் மேட்டில் ஏறுங்கள்.

இப்போது நீச்சல். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது, சங்குகுளிப்பு நிற்கவில்லை. அப்படி ஒரு கடலில் வளர்ந்தவர்களுக்கு ஒரு தடாகம் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் மன்னார் வளைகுடா உங்களைத் தாங்கிய அளவுக்கு ஆற்றுநீர் தாங்காது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டரை சதவீதம் கனமானது. 60 கிலோ உடம்புக்குக் கணக்கிட்டால், முழுக்க முங்கும்போது ஒன்றரைக் கிலோ தாங்குதல் குறைகிறது. சும்மா மிதந்து இளைப்பாறலாம் என்று நினைக்கும்போது உடம்பு தாழும். அருவி விழும் இடத்தில் இது இன்னும் மோசம். அங்கே நுரையாக வெளுத்துத் தெரிவதில் பாதி காற்று. காற்றுக்குமிழ் உடம்பைத் தாங்காது, கையை வீசினாலும் பிடிப்பு கிடைக்காது. விழும் நீர் அடிவரை போய்ச் சுழன்று மேலே வருவதால் ஆளை மறுபடியும் அருவிக்கு அடியிலேயே இழுக்கும். கடலில் அலை வரும் நேரம் தெரியும். இங்கே இழுப்பு விடாமல் இருந்துகொண்டே இருக்கும். வெயிலில் ஏறிவந்த சூட்டோடு குளிர்ந்த நீரில் குதித்தால் மூச்சு ஒரு கணம் திக்கும், அந்தக் கணத்தில் தண்ணீர் உள்ளே போய்விடும். போதாக்குறைக்குத் தெளிந்த நீரில் ஆழம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும்.

செண்பகாதேவித் தடாகம் ஆழமானது. அதில் இறங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஆறு பேரும் எவ்வளவு நல்ல நீச்சல்காரர்களாக இருந்தாலும். பார்த்து, முகம் கழுவி, கரையில் இருந்துவிட்டு இறங்குங்கள். குளியலைக் கீழே பேரருவியிலோ ஐந்தருவியிலோ வைத்துக்கொள்ளலாம். அங்கே பிடித்து நிற்கக் கம்பியும் கண்காணிக்கப் போலீசும் உண்டு. செண்பகாதேவிக்கும் மேலே தேனருவி இருக்கிறது என்று யாராவது ஆசை காட்டுவார்கள். வழுக்குப்பாறை, அருவியை ஒட்டிய தேன்கூடுகள்; அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

நடைக்கு மூன்று வாரம் முன்பிருந்தே தயாராகுங்கள். ஊரில் மேடு கிடையாது. முத்துநகர் கடற்கரை மணலில் தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடங்கள், கிடைத்த மாடிப்படியில் ஏறி இறங்குங்கள். முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வேலை. ஈரப்பாறையில் செருப்பு உதவாது, அடியில் பிடிப்புள்ள ஷூ வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், புளியோதரை, கொஞ்சம் கடலைமிட்டாய். பாலித்தீன் பையில் எதையும் தொங்கவிட்டுக்கொண்டு போனால் குரங்கு பறித்துவிடும். சாரல் காலத்தில் அட்டை கடிக்கும். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகுங்கள், ஒட்டிக்கொண்டால் நகத்தால் ஒதுக்கித் தள்ளுங்கள். துணியில் ஒரு முடிச்சு உப்பு இருந்தால் நல்லது. அதற்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை. மெதுவாக நடப்பவர் முன்னே போகட்டும். மதியம் ஒரு மணி ஆனால் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று ஊரிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே போன பிறகு இந்த முடிவை யாரும் எடுக்க மாட்டார்கள்.

சோப்பு, ஷாம்பு பாக்கெட் எடுத்துப்போகாதீர்கள். அந்தத் தண்ணீர் சிற்றாறாக ஓடி சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது, ஸ்ரீவைகுண்டம் தாண்டிப் புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. தூத்துக்குடிக்குக் குடிநீர் தருவதும் தாமிரபரணிதான்.

அம்மாவைக் காட்டுப்பாதையில் கூட்டிப்போக வேண்டாம்; அதற்காக வீட்டில் விட்டுவிடவும் வேண்டாம். உங்களில் ஒருவர் அவர்களோடு கீழே இருக்கட்டும். குற்றாலநாதர் கோயில், கூட்டம் குறைவான நேரத்தில் பெண்கள் பக்கம் ஒரு குளியல், கடைத்தெருவில் ஒரு சுற்று என்று அவர்களுக்கு அது நிறைந்த நாள்.

அனுமதி கிடைக்கவில்லை என்றால், அல்லது அன்று அருவிக்குத் தடை போட்டிருந்தால், திருக்குறுங்குடி மலைநம்பி கோயிலுக்குப் போங்கள். 1988-ல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனச்சாலையில் நடை, பக்கத்திலேயே நம்பியாறு. ஜீப்பும் ஓடுவதால் அங்கே அம்மாவும் மேலே வரலாம். கனமழை நாளில் அந்தப் பாதையையும் மூடிவிடுவார்கள் என்பதால் முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குள் குற்றாலம். வண்டி ஓட்ட இரண்டு பேர் வேண்டும். நடந்து, குளித்து, பிரானூரில் புரோட்டாவும் கோழியும் சாப்பிட்ட பிறகு திருநெல்வேலி சாலையில் கண் சொக்கும். இரண்டாவது டிரைவர் மாலையில் ஒரு மணி நேரமாவது படுத்து எழுந்த பிறகே சாவியை வாங்க வேண்டும்.