பெயர் ஒன்று, மருந்து மூன்று

திருவள்ளுவனார் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தனர்: பிணியாளன், மருத்துவன், மருந்து, அருகிருந்து மருந்தூட்டுவோன் என்பன அவை. ஜலதோஷம் பற்றியவுடன் நாம் செய்வது யாது? கடைக்குச் சென்று, "தடுமனுக்கு ஒரு மாத்திரை கொடுங்கள்" என்கின்றோம். அக்கணமே அந்நான்கனுள் மருத்துவன் நீங்கிவிடுகின்றான். அவன் பொறுப்பு நம் தலைமேல் ஏறுகின்றது. அப்பொறுப்பைத் தாங்குமாறு எங்ஙனம் என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

சென்ற மார்கழி விடுமுறையில், இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையூராகிய ஏர்வாடியில் நண்பரொருவர் இல்லத்தில் யாம் தங்கியிருந்தோம். வாடைக்காற்று வீசும் காலம். மீன்பிடித் தொழிலினரான அவர் தந்தையார் மூக்கடைப்பாலும் காய்ச்சலாலும் வருந்தினார். அவரிடம் இரண்டு அட்டை மாத்திரைகள் இருந்தன: தடுமனுக்கு ஒன்று, நாளைக்கு மூன்று வேளை, காய்ச்சலுக்கு மற்றொன்று, நான்கு வேளை. "இது வேறே, அது வேறேதானே, தம்பி?" என்றார்.

அட்டைகளின் பின்புறத்துச் சிற்றெழுத்துக்களைப் படித்தோம். தடுமன் மாத்திரையில் பாரசிட்டமால் 500 மில்லிகிராம், பினைலெப்ரின், குளோர்பெனிரமின் என மூன்று மருந்துகள். காய்ச்சல் மாத்திரையிலும் அதே பாரசிட்டமால், 650 மில்லிகிராம். மூவேளைக்கு 1,500, நால்வேளைக்கு 2,600, ஆக 4,100. வளர்ந்தோர் ஒரு நாளில் 4,000 மில்லிகிராமுக்கு மேற்கொள்ளலாகாது. மிகின் ஈரல் கெடும். மதுப்பழக்கமும் ஈரல் நோயும் உடையோர்க்கு அவ்வெல்லை இன்னும் குறைவு. ஒவ்வொரு மாத்திரையையும் சொல்லிய அளவிலேயே உண்டவர் எல்லை கடந்தது எங்ஙனம்? இரு பெயர்களுள் ஒரே பொருள் ஒளிந்திருந்தமையாலன்றோ!

ஏனைய இரண்டின் இயல்பையும் காண்போம். குளோர்பெனிரமின் தும்மலையும் ஒழுகு மூக்கையும் அடக்கும். உடனே உறக்கத்தையும் அழைக்கும். அதனை உண்டு படகேறுதலும் வண்டியோட்டுதலும் தீது. மனநோய்க்கு மருந்துண்போர் இதனையுஞ் சேர்த்துண்ணின் மயக்கம் மிகக்கூடும். மனநலம் குன்றியோர் பலர் வந்து தங்கும் ஏர்வாடியில் இது மறக்கத்தக்கதன்று. பினைலெப்ரின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவது. ஆதலின் இரத்த அழுத்தமும் இருதய நோயும் உடையோர் மருத்துவரைக் கேளாது உண்ணலாகாது. வாய்வழி உண்ணும் பினைலெப்ரின் மூக்கடைப்பை நீக்குவதில்லை என்று அமெரிக்க மருந்துத் துறையின் ஆலோசனைக் குழுவினர் 2023-இல் முடிவு செய்தமையும் அறியத்தக்கது.

குழந்தைகள் திறத்தில் எச்சரிக்கை இன்னும் வேண்டும். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கூடிய கலவையை 4 வயதுக்குட்பட்டோர்க்குக் கொடுக்கலாகாதென்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாடாப் பகுதியில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ என்னும் மருந்துநீரை உண்ட குழந்தைகள் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அவருட் பெரும்பாலோர் 5 வயது நிரம்பாதவர். ஆங்குக் கொன்றது அதிற் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு. நஞ்சை எச்சீட்டும் சொல்லாது. ஆயினும் சிறு தடுமனுக்கெல்லாம் சிறு குழந்தைக்கு மருந்துநீர் வேண்டுவதில்லை என்னும் தெளிவு பெற்றோர்க்கு ஒரு காப்பாகும்.

ஜலதோஷம் பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானே நீங்குவது. ஓய்வும் வெந்நீரும் பலர்க்குப் போதும். மூச்சுத் திணறல், கண்ணைச் சுற்றி வீக்கம், பத்து நாள் கடந்தும் நீங்காத முகவலி ஆகியன தோன்றின் மருத்துவரை நாடுதல் கடன்.

நண்பரின் தந்தையார் அன்றே காய்ச்சல் மாத்திரையைத் தனியே எடுத்து வைத்தார். அன்றிரவு கடலுக்கும் போகவில்லை. மறுநாள் யாம் புறப்படுகையில், பக்கத்து வீட்டாரின் மாத்திரை அட்டையொன்றைக் கொணர்ந்து, "இதில் என்னென்ன இருக்கிறதென்று பாரும், தம்பி" என்றார். கடைக்காரரிடம் நாம் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய வினா அதுவே.