எம்.எஸ்சி.க்குப் பணம் கட்டும் முன்

பி.இ., இ.சி.இ. படித்தேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். இப்போது மூலனூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கிறேன். இந்த மாதிரி வேலை மாற நினைக்கும் பெண்கள் அடிக்கடி வழி கேட்கிறார்கள். எல்லோருக்கும் முதலில் சொல்வது ஒன்றுதான்: யார் பேச்சையாவது கேட்டு எம்.எஸ்சி.யில் சேர்ந்துவிடாதீர்கள்.

நான் சேர்ந்தேன். வேலையில் இருந்தபடியே தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. கணிதம். சேர்க்கை மையத்துக்காரர், "இதை முடிச்சுப்போட்டு பி.எட். பண்ணுங்க அம்மணி, பி.ஜி. டி.ஆர்.பி. எழுதி நேரா பிளஸ் டூவுக்கே டீச்சர் ஆயிரலாம்" என்றார். ஷிப்மென்ட் நெருக்கடியிலும் கம்பெனி வேனில் புத்தகத்தை விரித்து, கெஞ்சி லீவு வாங்கிப் பரீட்சை எழுதித் தேறினேன். அதன் பிறகுதான் தெரிந்தது, அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்பது. என்னுடையது 'கிராஸ் மேஜர்', செல்லாது. திரும்பப் போய்க் கேட்டேன். "நாங்க அட்மிஷன் மட்டுந்தானுங்க பாக்கறோம்" என்றார் அதே ஆள். விசாரிக்காமல் சேர்ந்தது உன் தப்பு என்று வீட்டுக்காரர் இன்றுவரை சொல்கிறார். பணம் வாங்கும் வரை எல்லாம் தெரிந்தவருக்கு, வாங்கிய பின் ஒன்றுமே தெரியாமல் போனது யார் தப்பு?

ஆகவே, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் பழைய அறிவிக்கைகளை இறக்கி, நீங்கள் குறிவைக்கும் பதவிக்கு என்ன கல்வித் தகுதி கேட்டிருக்கிறார்கள் என்று நீங்களே படியுங்கள். உங்கள் பட்டத்தின் பெயர் அதில் அப்படியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று தேடுங்கள். "பாடம் அதேதான், பேர்தான் வேற" என்பதெல்லாம் சான்றிதழ் சரிபார்ப்பில் எடுபடாது. எனக்கு வழி திறந்ததும் ஓர் அரசாணைதான். பி.எட். முடித்த பி.இ.காரர்கள் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் தேறினால் ஆறு முதல் எட்டு வரை கணித ஆசிரியர் ஆகலாம் என்று 2019 டிசம்பரில் வந்தது. அதற்கு எம்.எஸ்சி. தேவையே இல்லை!

பி.எட். பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2015 முதல் அது இரண்டு வருடப் படிப்பு. 'வராமலே அட்டெண்டன்ஸ்' போடும் இடங்களைக் கைகாட்ட ஆள் இருப்பார்கள். அங்கே போனவர்கள் வகுப்பில் நின்று தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நான் வேலையை விட்டுவிட்டு நேராகவே போய்ப் படித்தேன். குழந்தையை அத்தை பார்த்துக்கொண்டார், மாமாவின் முருங்கைக் காடு வீட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டது. உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால் தைரியமாக விடுங்கள்.

டெட்டை லேசாக நினைக்க வேண்டாம். 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வை ஆறு லட்சம் பேருக்கு மேல் எழுதி, தேறியவர்கள் 2,448 பேர்தான். இரண்டாம் தாளில் 150 மதிப்பெண். அதில் கணக்கும் அறிவியலும் 60. குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம் தலைக்கு 30. இஞ்சினியரிங் படித்தவர்கள் கணக்கையே கட்டிக்கொண்டு அழுவார்கள். காலை வாருவது தமிழும் குழந்தை வளர்ச்சியும்தான். பள்ளிப் பாடப்புத்தகங்களை வரி விடாமல் படியுங்கள், கைடு வேண்டாம். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. எதையும் விடாமல் எழுதுங்கள். இன்னொன்று: டெட் தேறினால் கையில் வேலை என்று அர்த்தமில்லை. 2018 அரசாணைப்படி நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு உண்டு. கோச்சிங் விளம்பரங்களில் இதைப் பெரிய எழுத்தில் பார்க்க முடியாது.

தனியார் பள்ளியில் டெமோ வகுப்பு கேட்பார்கள். பழைய வேலையை மறைக்காதீர்கள். நான் பலகையில் எழுதியது ஒரு டி-ஷர்ட் கணக்கு. உடல் நீளம் 70 செ.மீ., கை 20, தையலுக்கு 10, ஆக 100. அகலம் தையலோடு 54. முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் சேர்த்து 1.08 சதுர மீட்டர். 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் துணி என்றால் 194 கிராம்; பத்து சதவீத வேஸ்ட்டேஜ் சேர்த்தால் 214. பரப்பளவும் சதவீதமும் ஒரே கணக்கில் முடிந்தன. பாதிப் பிள்ளைகளின் அப்பா அம்மா பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், பிறகு ஏன் புரியாது? ஆனால் வேலை கிடைத்ததும் அசல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும்.

சம்பளம் கம்பெனியில் வாங்கியதில் பாதிகூட வராது. "இஞ்சினியருக்குப் படிச்சுப்போட்டு இந்தச் சம்பளத்துக்கா போற அம்மணி?" என்று பெரிய மாமனார் ஊர்க் கல்யாணத்தில் நாலு பேர் முன்னால் கேட்டார். அவருடைய பேரன் இப்போது சாயங்காலம் என்னிடம்தான் கணக்கு டியூஷனுக்கு வருகிறான். சொந்தம் என்று ஃபீஸில் நான் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.