எருமைக்காரரும் அவர் நாயும்



சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு குழுவின் மாதக் கூட்டம். கறவை மாட்டுக் கடன் வாங்கிய உறுப்பினர்களிடம் தவணைக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ நாய் பக்கம் திரும்பியது. ஒரு அக்கா தன் மாமனாரைப் பற்றிச் சொன்னார். ஆறு எருமை வைத்துப் பால் ஊற்றியவர். சாயங்காலம் தாமிரபரணியில் கிடக்கும் எருமைகளைக் கரையேற்றித் தொழுவுக்கு ஓட்டி வருவது அவருடைய நாயின் வேலை. "அவுக சைக்கிள்ல பால்கேனை மாட்டினா போதும், அது முன்னால ஓடும். அவுக செத்து ஒரு வருஷம் வரைக்கும் சாயங்காலமானா ஆத்தங்கரைக்குப் போயி நிக்கும். எருமையெல்லாம் வித்தாச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார். கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அப்போது எங்களுக்கு ஒரு கல் ஞாபகத்துக்கு வந்தது. நம்ம பக்கத்துக் கல் இல்லை. வடக்கே திருவண்ணாமலை மாவட்டத்தில், சாத்தனூர் அணைக்குப் பக்கத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. நடுகல் என்றால் சண்டையில் செத்தவருக்கு ஊர் நட்டு வைக்கும் கல். இந்தக் கல் பல்லவ ராஜா முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்டது. ஏறக்குறைய 1,400 வருஷம் ஆச்சு. கல்லில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: கருந்தேவக்கத்தி என்பவர் தன் எருமைகளைக் காக்கப் போராடி உயிரை விட்டார். கோவிவன் என்ற அவருடைய நாய் இரண்டு திருடரைக் கடித்துவிட்டுக் காவலாய் நின்றது. அவர் உருவத்தோடு நாயின் உருவமும் செதுக்கியிருக்கிறது.

கருந்தேவக்கத்தி பால் விற்றாரா, வீட்டுக்கு மட்டும் கறந்தாரா என்று கல் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் மாடுதான் செல்வம். மாட்டைக் கொள்ளையடிக்க வருவதும், அதை மீட்கப் போய்ச் சாவதும் சாதாரணம். செங்கம் பக்கத்து நடுகற்களில் இந்தக் கதையைத்தான் நிறையப் பார்க்கலாம். ஆனால் ஒரு நாயின் பேரைக் கல்லில் வெட்டி வைப்பது சாதாரணமில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு அந்த நாய் செய்த வேலையின் மதிப்பு தெரிந்திருக்கிறது. (அந்த எருமைகளுக்குத் தண்ணி காட்டி, சாணி அள்ளி, பால் கறந்தது யாரோ, அவள் பேர் கல்லில் இல்லை. இதையும் நாம் கவனிக்கணும்.)

இதைக் கூட்டத்தில் சொன்னதும் ஒரு மதினி கேட்டார்: "நம்ம நாய்க்குக் கணக்கு நோட்டில எடம் இருக்கா?" இல்லைதான். கறவை மாட்டுக் கடன் விண்ணப்பத்தில் தீவனம் உண்டு, கொட்டகை உண்டு, இன்சூரன்ஸ் உண்டு. ராத்திரி பூரா தொழுவைக் காக்கிற நாய்க்கு ஒரு வரி கிடையாது. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் துறை தபால்தலையே போட்டது. நம்ம தொழுவில் கிடப்பது பேர் இல்லாத நாட்டு நாய். மிச்சக் கஞ்சியோடு அதன் கணக்கு முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு வரி இல்லாததால் என்ன நடக்கும் என்று அதே கூட்டத்தில் இன்னொரு உறுப்பினர் சொன்னார். அவர் வீட்டு நாய்க்கு ஊசி போட்டதே இல்லை. தெருவில் வந்த வெறிநாய் அதைக் கடித்தது. நாய் சின்னக் காயம்தான் என்று விட்டுவிட்டார்கள். சில வாரம் கழித்து நாய் ஒரு மாதிரி சுற்றியது, தொழுவில் கறவை எருமையைக் கடித்தது, செத்தும் போனது. அப்புறம் எருமைக்கு எச்சில் ஒழுக ஆரம்பித்தது. தண்ணி இறங்கவில்லை. தொண்டை கம்மி வினோதமாய்க் கத்தியது. "பனங்கொட்டை ஏதும் அடைச்சிருக்கும்னு நினைச்சு வாய்க்குள்ள கையை விட்டுப் பார்த்தேன்" என்றார். கால்நடை டாக்டர் வந்து பார்த்துப் பதறிப்போய் அவரை உடனே ஊசி போட அனுப்பினார். எருமை போச்சு. கடன் நின்றது. ஆனால் அவர் இருக்கிறார், எங்களோடு உட்கார்ந்து கதை சொன்னார்.

தோழிகளே, இதை மட்டும் நல்லா மனசில் வையுங்க. வெறிநோய் எச்சிலில் பரவும். மாட்டுக்கு எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், குரல் மாறிக் கத்தினால் வாய்க்குள் கை விடக்கூடாது. தள்ளிக் கட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிடணும். அந்த மாட்டுப் பாலைக் கறக்க வேண்டாம், சொசைட்டிக்கும் ஊற்ற வேண்டாம். காய்ச்சின பாலில் கிருமி பிழைக்காது. பச்சைப்பாலாகக் குடித்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்க. வெறிநாய் மாட்டைக் கடித்தது கண்ணால் பார்த்தால் காத்திருக்க வேண்டாம், மாட்டுக்கும் ஊசி இருக்கிறது. அன்றைக்கே போகணும்.

மனுஷரைக் கடித்தால்? எருக்கம்பால், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். ஓடுகிற தண்ணியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. 15 நிமிஷம் என்பது உலை கொதிக்கிற நேரம், ரெண்டு செம்பு ஊற்றுகிற நேரமில்லை. பிறகு நேரே அரசு ஆஸ்பத்திரி. ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. அந்த மருந்து நின்று 20 வருஷத்துக்கு மேலாச்சு. இப்போது கையில்தான் போடுகிறார்கள். முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள். மருந்து போடும் விதத்தைப் பொறுத்து 14-ஆம் நாளும் சேரும். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடணும். அது உங்க ஊர் ஆஸ்பத்திரியில் இல்லையென்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டுக்கு எழுதித் தருவார்கள். மறுக்காமல் போங்க. ரெண்டு ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் எங்களுக்குப் பெரிய கவலை. நோய் வெளியே தெரிந்துவிட்டால் எந்த ஆஸ்பத்திரியாலும் காப்பாற்றுவது ரொம்ப அபூர்வம்.

இத்தனைக்கும் முன்னால் செய்யவேண்டியது நாய்க்கு ஊசி. குட்டிக்கு மூணு மாசத்தில் முதல் ஊசி, டாக்டர் சொல்லும் நாளில் இன்னொன்று, பிறகு வருஷம் ஒரு தடவை. கால்நடை மருந்தகத்தில் கேளுங்க. நெல்லைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. நாயைக் கூட்டிப் போவது கஷ்டம்தான், எங்களுக்கும் தெரியும். பத்து வீட்டு நாயைச் சேர்த்துச் சொன்னால் ஊருக்கே முகாம் கேட்கலாம். குழுவாக எழுதிக் கொடுக்கும் மனுவுக்குத் தனி பலம் உண்டு.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, மாட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் உங்க நாயின் பேர், வயசு, கடைசியாக ஊசி போட்ட தேதி மூணையும் எழுதிக் கொண்டு வாங்க. பேர் வைக்காத நாயாக இருந்தால் முதலில் ஒரு பேர் வையுங்க. ஆத்தங்கரையில் போய் நின்ற அந்த நாயின் பேரை நாங்கள் அந்த அக்காவிடம் கேட்டோம். "கருப்பன்" என்றார்.