தொற்றுவியாதியின் மூலத்தைக் கண்டறியும் பயிற்சி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் கோடை முற்றினால் கண்மாய்கள் வறண்டு, ஊரணியின் அடியில் எஞ்சிய நீரே மனிதருக்கும் கால்நடைக்கும் பொதுவாவது பழைய அனுபவம். குழாய்கள் வந்த பின்னரும், முறைவைத்து விடப்படும் நீரைக் குடத்திலும் தொட்டியிலும் பல நாள் சேமிக்கும் வழக்கம் நீங்கவில்லை. மூடாத தொட்டியில் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. அசுத்தமான கை பட்ட குடத்தில் பேதிக் கிருமி சேர்கிறது.

ஓர் ஊரில் ஒரே இரவில் பத்து வீடுகளில் பேதி கண்டால், நோயாளிக்குச் சிகிச்சை செய்வது வைத்தியர் கடமை. வியாதி எங்கிருந்து வந்தது, அடுத்து யாரைத் தாக்கும் என்று கண்டறிவதோ வேறொரு தொழில். அதனைச் செய்பவரே களத் தொற்றுநோயியலாளர். அவருடைய முதற்கருவி கணக்கேடு ஆகும். பேரேட்டில் பற்று வரவு பார்த்துப் பழகிய சங்க அங்கத்தினர்களுக்கு இவ்வேலை எளிதில் விளங்கும்.

உதாரணமாக, 200 பேர் வசிக்கும் ஒரு கிராமத்தில் 26 பேருக்குப் பேதி கண்டதாக வைத்துக் கொள்ளலாம். அவர்களுள் பெரும்பாலோர் முந்தின நாள் கலியாண விருந்து உண்டவர்கள். உடனே பழி சமையற்காரர் தலையில் விழும். ஆனால் நோயற்றவர்களை விசாரித்தால், அவர்களிலும் பெரும்பாலோர் அதே விருந்தை உண்டவர்களே. பிறகு தண்ணீரைப் பற்றிக் கேட்கப்படுகிறது. ஊரணி நீர் பருகிய 80 பேரில் 20 பேருக்கு நோய். அதாவது நூற்றுக்கு 25. ஆழ்குழாய் நீர் பருகிய 120 பேரில் 6 பேருக்கு நோய், நூற்றுக்கு 5. சந்தேகம் ஊரணியின் மேல் திரும்புகிறது. இத்துடன் கணக்கை முடிப்பவர் பயிற்சி போதாதவர். அந்த அறுவரும் ஆடு மேய்க்கப் போன இடத்தில் ஊரணி நீரைக் குடித்தனரா என்று மறுபடியும் வீடு வீடாகச் சென்று வினவுதலும், நீரைப் பரிசோதனைக்கு அனுப்புதலும் இன்றியமையாதவை. எனினும் பரிசோதனை முடிவு வரும்வரை கைகட்டி நிற்றலாகாது. நீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுதலும் குளோரின் இடுதலும் அன்றே தொடங்க வேண்டும்.

நோயற்றவரையும் விசாரிக்கும் இம்முறை புதிதன்று. 1854-ம் ஆண்டில் லண்டன் நகரில் காலரா பரவியபோது, ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர் இறந்தோர் வீடுகளைப் படத்தில் குறித்து, பிராட் தெருவின் அடிகுழாயைச் சந்தேகித்தார். அதனருகிலிருந்த மதுவாலைத் தொழிலாளர் நோயின்றி இருந்ததன் காரணத்தையும் ஆராய்ந்தார். அவர்கள் அக்குழாய் நீரைப் பருகுவதில்லை என்பது தெரிந்தது. காலராக் கிருமி இன்னதென்று உலகம் ஒப்புக்கொள்ளுமுன்பே அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது.

இத்தொழிலுக்கு ஆட்களை முறையாகப் பழக்கும் ஏற்பாடு 1951-ல் அமெரிக்காவில் அலெக்சாண்டர் லாங்மூர் என்பவரால் தொடங்கப்பெற்றது. சென்னையில் 1999-ல் அமைந்த தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், 2001-ல் இரண்டாண்டுப் பயிற்சியை ஆரம்பித்தது. டில்லியிலுள்ள தேசிய நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் இத்தகைய பயிற்சி 2012-ல் வந்தது. இவ்வகைப் பயிற்சிகளில் காலத்தின் பெரும்பங்கு வகுப்பில் கழிவதில்லை. சுகாதார உத்தியோகஸ்தர் மெய்யாகவே வியாதி கண்ட ஊருக்குச் சென்று, அனுபவமுள்ளவர் மேற்பார்வையில் விசாரித்து, அறிக்கை எழுதிக் கற்கிறார். புத்தகத்தில் மட்டும் நீந்தக் கற்றவன் கிணற்றில் இறங்கினால் என்னாகும்?

ஆயினும், எவ்வளவு தேர்ந்தவரும் செய்தி எட்டாத ஊருக்கு வர இயலாது. திருவிழா நின்றுவிடும், சந்தைக்கு ஆள் வராது என்று அஞ்சி முதல் நோயாளியை மறைப்பது பல ஊர்களில் உண்டு. அச்சம் நியாயமானதே, நஷ்டமும் மெய்யே. ஆனால் மறைத்த மூன்று நாட்களில் அதே ஊரணியில் எத்தனை குடங்கள் நிரம்புகின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வீடுகளில் ஒருசேரப் பேதியோ காய்ச்சலோ கண்டால், அன்றைக்கே கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அறிவிக்கலாம். நோய் தொடங்கிய நாள், வீடு, வயது, குடித்த நீர், வெளியூர் சென்று வந்த விவரம் ஆகியவற்றைச் சங்கக் காரியதரிசி ஒரு தாளில் குறித்து வைத்தால், விசாரணைக்கு வருபவருக்குப் பாதி வேலை முடிந்தது.

நோய் தணிந்ததாகத் தோன்றியவுடன் கணக்கை மூடுவதும் தவறு. காலராக் கிருமி உட்சென்று நோய் வெளிப்பட ஐந்து நாள் வரை ஆகலாம். ஆதலால் கடைசி நோயாளி கண்ட நாளிலிருந்து பத்து நாள் வரை வீடுதோறும் விசாரிப்பு நடைபெறும்.