பஞ்சாங்கம் சொல்லும் பூகம்பம்

கேள்வி: இந்த வருஷம் பூமி அதிர்ச்சி உண்டு என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் நாள் குறித்தே ஓர் ஆடியோ சுற்றுகிறது. சுனாமி வந்ததும் பௌர்ணமியன்றுதானே என்கிறார் எங்கள் பட்டறைப் பெரியவர். மாடி வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன், பயமாக இருக்கிறது.
- சிலை வார்ப்புத் தொழிலாளி, சுவாமிமலை

பதில்: பஞ்சாங்கம் பொய்க்காது; ஊர் பேர் சொன்னால்தானே பொய்க்கும்! ரிக்டர் 6-ஐத் தாண்டும் நிலநடுக்கம் உலகில் ஆண்டுக்கு நூற்றுக்குமேல் வருகிறது. கணிப்பு என்றால் இடம், நாள், அளவு மூன்றையும் முன்கூட்டிச் சொல்லவேண்டும். அதைத் திரும்பத் திரும்பச் செய்துகாட்டியவர் விஞ்ஞானிகளிலும் இல்லை, ஜோசியர்களிலும் இல்லை. 1975-இல் சீனாவின் ஹைசெங்கில் முன்னதிர்வுகளைக் கவனித்து மக்களை வெளியேற்றினார்கள். பல உயிர்கள் பிழைத்தன. மறு ஆண்டே டாங்ஷானில் அரசுக் கணக்குப்படி 2,42,000 பேர் மாண்டார்கள். அங்கே அப்படி முன்னதிர்வு எதுவும் வரவில்லை.

2004 டிசம்பர் 26 பௌர்ணமிதான். 2015 ஏப்ரல் 25-இல் நேபாளம் குலுங்கியபோது வானத்தில் பாதி நிலா. பெரியவரிடம் இதையும் சொல்லுங்கள். அவரைக் குறைசொல்லவும் மாட்டேன்: 1934 பீகார் பூகம்பம் தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று காந்தியே திருநெல்வேலியில் பேசினார். தாகூர்தான் அதை மறுத்து எழுதினார்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். 2002-ஆம் ஆண்டு வரைபடப்படி தஞ்சை வட்டாரம் ஆபத்து மிகக் குறைந்த இரண்டாம் மண்டலம். ஆனால் மெழுகுச் சிலைமேல் பூசுகிறீர்களே, அந்தக் காவிரி வண்டல்தான் உங்கள் அஸ்திவாரத்துக்கும் அடியில் கிடக்கிறது. பாறையைவிட வண்டல் அதிர்வைப் பெரிதாக்கும். 2001 ஜனவரி 26-இல் பூஜ் அருகே பூமி அதிர்ந்தது. 200 கிலோமீட்டருக்கு அப்பால் சபர்மதி வண்டல்மேல் நின்ற அகமதாபாத் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, கீழே வண்டி நிறுத்தச் சுவரில்லாமல் வெறும் தூண்களில் நின்றவை. அதே ஆண்டு செப்டம்பர் 25-இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் அதிர்ந்ததைத் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் உணர்ந்தார்கள்.

ஆகவே தரைத்தளத்தைச் சுவரில்லாமல் விடாதீர்கள். தூணும் உத்திரமும் சேருமிடத்தில் ரிங் கம்பிகளை நெருக்கிக் கட்டச் சொல்லுங்கள். ரிங்கின் முனை தூணுக்குள் மடங்கியிருக்கவேண்டும், வெறுமனே செங்கோணத்தில் நிற்கக்கூடாது. லிண்டல் பட்டை வீட்டைச் சுற்றி அறுபடாமல் ஓடட்டும். கம்பி கட்டும் நாளில் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். அந்த ஆடியோவை யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.