ஐ.நா. பாதுகாப்பு சபையில் நமக்கு ஒரு நிரந்தர இடம்

அக்டோபர் 24 ஐ.நா. தினத்தை ஒட்டி எங்கள் பதினொன்றாம் வகுப்பில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. "பாதுகாப்பு சபையில் இந்தியாவுக்கு நிரந்தர இடம் வேண்டுமா?" என்பது தலைப்பு. நான் "வேண்டும்" அணி. மூணு நிமிஷத்தில் மணி அடிச்சிட்டாங்க. படித்ததில் பாதி கூட சொல்ல முடியவில்லை. அதனால் மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த சபை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஐ.நா.வில் 193 நாடுகள் இருக்கின்றன. எல்லோரும் சேர்ந்தது பொதுச்சபை. அங்கே ஆளுக்கு ஒரு ஓட்டு. ஆனால் போர், அமைதி பற்றி எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் முடிவை எடுப்பது 15 பேர் கொண்ட பாதுகாப்பு சபைதான். அதில் 10 நாடுகள் இரண்டு ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவை. மற்ற ஐந்தும் (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) தேர்தலே இல்லாமல் 1945 முதல் இருப்பவை. ஒரு தீர்மானம் நிறைவேற 9 ஓட்டு வேண்டும். ஆனால் 14 பேர் சரி என்று சொல்லி, அந்த ஐவரில் ஒருவர் மட்டும் வேண்டாம் என்றாலும் தீர்மானம் போச்சு. இதற்குத்தான் வீட்டோ என்று பெயர். (ஓட்டுப் போடாமல் ஒதுங்கி இருந்தால் அது வீட்டோ ஆகாது.)

நம்ம ஊர் பக்கம் சொல்வதென்றால், ஏரி மதகுக்கு ஐந்து பூட்டு போட்டு, ஐந்து சாவியையும் ஐந்து வீட்டில் கொடுத்து வைத்த மாதிரி. ஆயக்கட்டு முழுக்க வந்து நின்றாலும் ஒரு வீட்டுக்காரர் சாவி தரவில்லை என்றால் தண்ணீர் வராது.

ஏன் அந்த ஐந்து நாடுகள்? இரண்டாம் உலகப் போரில் ஜெயித்த பக்கம் நின்றவர்கள் அவர்கள். அவ்வளவுதான் காரணம். அப்போது ஐ.நா.வில் 51 நாடுகள். இந்தியா அதில் ஒன்று, இன்னும் சுதந்திரம் கூட வரவில்லை! 1945 ஜூன் 26 அன்று சான்பிரான்சிஸ்கோவில் இந்தியாவுக்காக ஐ.நா. சாசனத்தில் கையெழுத்துப் போட்டவர் ஜஸ்டிஸ் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஆற்காடு இராமசாமி முதலியார். சமஸ்தானங்கள் சார்பில் வி.டி. கிருஷ்ணமாச்சாரி கையெழுத்திட்டார். இது நம்மில் பலருக்குத் தெரியாது. ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கு 1946இல் முதல் தலைவரும் முதலியார்தான். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பெரும்பாலான நாடுகள் அன்று அடிமை நாடுகள். அவர்களைக் கேட்காமலே நாற்காலி பங்கு பிரிச்சாச்சு.

அந்த சாசனத்தின் 23ஆம் பிரிவில் இன்றைக்கும் "சோவியத் சோஷலிசக் குடியரசுகளின் ஒன்றியம்" என்றுதான் எழுதியிருக்கிறது. அந்த நாடு 1991லேயே கலைந்துவிட்டது. நம்ம கீழ்பென்னாத்தூர் சட்டமன்றத் தொகுதியே 2008 தொகுதி மறுசீரமைப்பில் வந்ததுதான். 2011இல்தான் முதல் தேர்தல். ஜனத்தொகை மாறினால் தொகுதி எல்லையையே மாற்றி வரைகிறோம். உலகத்தின் பெரிய சபையில் பெயரைக்கூட மாற்றவில்லை.

பட்டிமன்றத்தில் எதிரணி நண்பன் ஒரு குண்டு போட்டான். "நேருவுக்கே கொடுத்தாங்க, அவர்தான் வேண்டாம்னு சொல்லிட்டார்" என்றான். கைத்தட்டல் பலமாக இருந்தது. இது பாதி உண்மை. 1950இல் அமெரிக்கத் தரப்பில் அப்படி ஒரு பேச்சு அடிபடுவதாக விஜயலட்சுமி பண்டிட் வாஷிங்டனில் இருந்து எழுதினார். சீனாவின் இடத்தை எடுத்து நமக்குத் தருவது என்ற யோசனை அது. நேரு அதை விரும்பவில்லை. 1955இல் சோவியத் பிரதமர் புல்கானின், ஆறாவது இடமாக இந்தியாவைச் சேர்க்கலாம் என்று பேச்சுவாக்கில் சொன்னார். முதலில் சீனா விஷயம் தீரட்டும் என்றார் நேரு. அதே 1955 செப்டம்பர் 27இல் மக்களவையில் இது பற்றிக் கேட்டபோது, அப்படி யாரும் தர முன்வரவில்லை என்று பதில் சொன்னார். அவர் செய்தது சரியா தப்பா என்று தனியாக வாதம் செய்யலாம். ஆனால் ஒன்று கவனியுங்கள். யாரோ ஒருவர் "இந்தா எடுத்துக்கோ" என்று நீட்டுவதற்கு அது பஸ் சீட் இல்லை. சாசனத்தைத் திருத்த வேண்டும்.

அந்த விதிதான் 108ஆம் பிரிவு. பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 193இல் 129 நாடுகள் ஓட்டுப் போட வேண்டும். பிறகு 129 நாடுகள் தங்கள் நாட்டுச் சட்டப்படி அதற்கு ஒப்புதல் தர வேண்டும். அந்த 129க்குள் ஐந்து நிரந்தர உறுப்பினரும் இருந்தே ஆக வேண்டும். அதாவது சாவி வைத்திருப்பவர்களே சாவியைப் பங்கு போட சம்மதிக்க வேண்டும். அது எப்படி நடக்கும் என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு தடவை நடந்திருக்கிறது!

1963 டிசம்பர் 17. சபையில் அப்போது 11 இடம்தான். ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் வரிசையாக சுதந்திரம் பெற்று வந்து ஐ.நா.வில் 113 நாடுகள் ஆகிவிட்டன. அவர்கள் லத்தீன் அமெரிக்க நாடுகளோடு சேர்ந்து 15 இடமாக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்கள். 97 ஓட்டு ஆதரவு, 11 எதிர்ப்பு. ஐவரில் ஆதரித்தது ஒருவர்தான், அன்று தைவான் அரசின் கையில் இருந்த சீன இடம். பிரான்சும் சோவியத்தும் எதிர்த்தன. அமெரிக்காவும் பிரிட்டனும் ஒதுங்கிக்கொண்டன. ஆனாலும் 1965 ஆகஸ்ட் 31க்குள் ஐந்து பேருமே ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். அத்தனை புது நாடுகளையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனசில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கேட்டவர்கள் ஒன்றாக நின்றார்கள். ஆனால் அவர்கள் வாங்கியது தற்காலிக இடங்களை மட்டும். வீட்டோவில் கை வைக்கவே இல்லை.

2005இல் நடந்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தியா, ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் நான்கும் ஜி-4 என்று கூட்டு சேர்ந்து, 25 இடமாக்குவோம், அதில் 6 புது நிரந்தர இடம் என்றன. புதியவர்களுக்கு வீட்டோ பற்றி 15 ஆண்டு கழித்துப் பார்க்கலாம் என்றன. ஆப்பிரிக்க ஒன்றியமோ, எங்களுக்கு இரண்டு நிரந்தர இடம், வீட்டோவோடு வேண்டும் என்றது. இத்தாலி, பாகிஸ்தான், தென்கொரியா, அர்ஜென்டினா, மெக்சிகோ போன்றவை நிரந்தர இடமே கூடாது, தேர்தல் இடத்தைக் கூட்டுங்கள் என்றன. இவர்கள் யாருக்கு எதிராக நிற்கிறார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். இந்தியாவுக்குப் பக்கத்து வீடு பாகிஸ்தான், பிரேசிலுக்கு அர்ஜென்டினா, ஜப்பானுக்கு தென்கொரியா. எங்க தெரு மாதிரியே இருக்கு! மூன்று தீர்மானமும் ஓட்டெடுப்புக்கே வரவில்லை. ஐவரும் வீட்டோ போடவே தேவைப்படவில்லை.

இந்தியாவின் பக்கம் நியாயம் நிறையவே இருக்கிறது. 2023இல் ஜனத்தொகையில் சீனாவைத் தாண்டிவிட்டோம். ஐ.நா. அமைதிப் படைக்கு இதுவரை இரண்டு லட்சத்துக்கும் அதிகமான வீரர்களை அனுப்பியிருக்கிறோம். எட்டு முறை தற்காலிக உறுப்பினராக இருந்தோம். கடைசியாக 2021-22. அதற்கான தேர்தலில் 192 ஓட்டில் 184 கிடைத்தது. ஆனால் ஐ.நா. வழக்கமான செலவுக்கு நாம் தரும் பங்கு நூற்றுக்கு ஒன்று அளவுதான். ஜப்பானும் ஜெர்மனியும் பல மடங்கு அதிகம் தருகின்றன. இதையும் மறைக்காமல் சொல்லணும் இல்லீங்களா.

வீட்டோ கெட்டது என்று சொல்வது சுலபம். ஆனால் 1961இல் கோவா, 1957லும் 1962லும் காஷ்மீர், 1971இல் வங்கதேசப் போர், இத்தனை முறையும் நமக்காக வீட்டோ போட்டது சோவியத். எதிரணி இதைச் சொன்னபோது எங்கள் அணியில் யாரும் பதில் பேசவில்லை.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது இலங்கைத் தமிழர் முகாமில் இருந்து வரும் எங்கள் வகுப்புத் தோழி கேட்டது. "2009ல எங்க ஜனங்க சாகும்போது அந்த சபை என்ன பண்ணுச்சுன்னு அம்மா கேக்கறாங்க" என்றாள். தேடிப் படித்தேன். வன்னியில் அத்தனை பேர் செத்தபோதும் பாதுகாப்பு சபை இலங்கைப் போரைத் தன் முறையான நிகழ்ச்சி நிரலில் எடுக்கவே இல்லை. தனியறையில் முறைசாராத பேச்சுதான் நடந்தது. அது உள்நாட்டு விவகாரம் என்று சில நாடுகள் சொல்ல, விஷயம் ஓட்டு வரைக்கும் போகவே இல்லை. வீட்டோ போடுவார்கள் என்ற பயமே போதும். ஐ.நா. அமைப்பு தன் கடமையில் தவறியது என்று 2012இல் ஐ.நா.வின் சொந்த ஆய்வுக் குழுவே எழுதியது.

சரி, அப்போது இந்தியா நிரந்தர உறுப்பினராக இருந்திருந்தால்? நான் "வேண்டும்" அணிதான், ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன். 2009 மே மாதம் ஜெனீவா மனித உரிமை மன்றத்தில் இந்தியா இலங்கை அரசுக்கு ஆதரவான தீர்மானத்துக்குத்தான் ஓட்டளித்தது. 2012இல் மாற்றி ஓட்டளித்தது. 2014இல் ஒதுங்கிக்கொண்டது. இடம் கிடைத்தாலும், அதில் உட்கார்ந்து எப்படி ஓட்டுப் போடுவோம் என்பது தனிக் கேள்வி.

அதனால் என் கருத்து இது. நமக்கு இடம் கேட்போம். ஆனால் ஆறாவது பூட்டு கேட்க வேண்டாம். கூட்டுக் கொலை நடக்கும் இடத்தில் வீட்டோ போடக்கூடாது என்று பிரான்சும் மெக்சிகோவும் 2015இல் ஒரு யோசனை வைத்தன. அதை நாம் முன்னால் நின்று கேட்டால் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் நம்மேல் நம்பிக்கை வரும். அவர்கள் 54 ஓட்டு. அவர்கள் இல்லாமல் 129 வருவது கடினம்.

இப்போதைக்கு நடந்திருப்பது கொஞ்சம்தான். 2022 ஏப்ரலில் இருந்து, யாராவது வீட்டோ போட்டால் பத்து வேலை நாளுக்குள் பொதுச்சபை கூடி அதை விவாதிக்க வேண்டும் என்று விதி வந்தது. 2024 செப்டம்பரில் ஐ.நா. நாடுகள் சேர்ந்து சபையை விரிவாக்குவோம், ஆப்பிரிக்காவுக்கு நேர்ந்த அநீதியை முதலில் சரி செய்வோம் என்று ஒப்பந்தம் போட்டன. எத்தனை இடம், யாருக்கு என்று அதில் எழுதவில்லை. இந்தியா 2028-29க்கான தற்காலிக இடத்துக்குப் போட்டியிடுவதாக 2022லேயே அறிவித்துவிட்டது.