டெக் ஓடும்போது கிடைப்பதுதான் கிடைப்பது

கண்டமங்கலத்தில் பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் வேலையைத் தொடங்கியிருக்கும் தம்பிக்கு,

விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இந்தத் தொழிலுக்குக் கடை போட்டது சரியான கணக்கு. எண்பதுகளின் கடைசியிலிருந்து ஒரு பதினைந்து வருடம் இந்தப் பக்கத்தில் நடந்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர், கும்பாபிஷேகம் எல்லாம் பெரும்பாலும் விஎச்எஸ் கேசட்டில்தான் கிடக்கின்றன. அவற்றுக்கு நேரம் குறைவு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டியதில் விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் நின்றது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கேசட்டுகளின் கதியை நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் ஏறாத வீட்டிலும் கடலோர ஈரக்காற்று பூஞ்சையைக் கொண்டுவரும். கேசட்டை ஓட்டும் டெக்கும் இனிப் புதிதாக வராது. உலகில் கடைசிவரை விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இன்று நீ வாங்குவதெல்லாம் யாரோ ஓட்டித் தேய்த்த டெக்தான்.

இந்த நிலையில் உன் காசு எங்கே போக வேண்டும் என்பதுதான் கேள்வி. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் நல்ல கம்ப்யூட்டர், படத்தைக் கூர்மையாக்கும் ஏஐ சாஃப்ட்வேர், மலிவான யுஎஸ்பி கேப்சர் கார்டு என்று வாங்கிவிட்டு, டெக்கை மட்டும் பழைய சாமான் கடையில் தேடுகிறார்கள். இது தலைகீழ். நாடாவில் இருப்பது வெளியே வருவது டெக்கின் ஹெட் அதைத் தொட்டு ஓடும் அந்த நேரத்தில் மட்டும்தான். அப்போது தவறவிட்டதைப் பிறகு எந்த சாஃப்ட்வேரும் எடுத்துத் தராது. நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் ஹெட் டிரம் நொடிக்கு 25 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது படிக்கும் தடங்களின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். ஹெட்டில் துளி அழுக்கு இருந்தாலும், நாடா செல்லும் வழி இம்மி பிசகினாலும் படத்தில் கோடு விழும். சாதாரண ஒலித்தடம் நாடாவின் ஓரத்தில் இருப்பதால், ஓரம் மடங்கிய கேசட்டில் படம் இருந்தும் குரல் போய்விடும். முன்னூறு ரூபாய் கேசட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்பார்கள். அந்தக் கேசட்டில் இருக்கிற பாட்டியின் நடமாட்டம் வேறெங்கும் பதிவாகியிருக்காது என்பதுதான் பதில்.

இதோடு ஒட்டியது டைம் பேஸ் கரெக்டர். நாடா இழுபட்டுத் தளர்ந்திருக்கும்போது படத்தின் ஒவ்வொரு வரியும் ஒரு துளி முந்தியோ பிந்தியோ வருகிறது. பழைய டிவி இதைப் பொறுத்துக்கொண்டது. கேப்சர் கார்டு பொறுக்காது. அது குழம்பி ஃபிரேமைத் தவறவிடும், ஒரு மணி நேரம் ஓடுவதற்குள் உதடும் குரலும் பிரிந்துவிடும். வரிகளை நேராக்கிக் கொடுக்கும் இந்தக் கருவி சில உயர்ரக எஸ்-விஎச்எஸ் டெக்குகளில் உள்ளேயே இருக்கிறது. பணத்தை அங்கே போடு.

உன் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்களின் சொந்தபந்தம் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இருக்கிறது. பாரிஸிலிருந்து வந்த கேசட் பிரான்ஸின் செகாம் (SECAM) முறையில் பதிவானதாக இருக்கலாம். பால் மட்டும் படிக்கும் டெக்கில் போட்டால் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். கலர் போய்விட்டது என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடாதே. பிரெஞ்சு செகாமைப் படிக்கும் டெக் ஒன்று கிடைத்தால் அந்தக் கேசட்டின் கலர் திரும்பக் கிடைக்கும். அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்தது என்றால் என்டிஎஸ்சி, அதற்கும் வழி செய்துகொள். வாங்கும்போதே கேட்க வேண்டிய இன்னொன்று, இது வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்த மிக்சிங் கேசட்டா, கேமராவில் ஓடிய மூலக் கேசட்டா என்பது. அந்தக் காலத்து மிக்சிங்கில் மணமக்கள் இதய வடிவத்துக்குள் வருவார்கள், மேலே சினிமாப் பாட்டு ஓடும், நாதஸ்வரமும் மைக்கில் படித்த மொய்யும் அடியோடு போயிருக்கும். பேனசோனிக் எம்9000 கேமராவைத் தோளில் வைத்து எடுத்த அந்தக் கேசட் எங்காவது மிஞ்சியிருந்தால் அதில்தான் கல்யாண வீட்டின் சத்தம் இருக்கிறது. நகலின் நகலை எடுத்துக் கொடுத்துவிட்டு மூலத்தைக் கேட்காமல் விடுவது சோம்பேறித்தனம்.

எடுத்ததை எப்படி வைப்பது? முழுதாக, வெட்டாமல், பின்னல் வரிகளை (இன்டர்லேஸ்) கலைக்காமல், இழப்பில்லாத முறையில் வை. சுருக்காமல் வைத்தால் மணிக்கு ஏறக்குறைய 75 ஜிபி. எஃப்எஃப்வி1 போன்ற முறையில் சுருக்கினால் அதில் பாதி அல்லது அதற்கும் கீழே. வாட்ஸ்அப்பில் அனுப்ப ஐந்து நிமிடம் போதும் என்று கேட்கிறவருக்கு எதற்கு இந்தப் பாரம் என்று நீ சொல்லலாம். அந்த ஐந்து நிமிடம் எது என்பது ஆளுக்கு ஆள் மாறும். மணமகனுக்குத் தாலி கட்டும் நேரம். அவர் தங்கைக்குப் பந்தியில் இலை போடும் அப்பா. பேரனுக்கு, இடித்துக் கட்டுவதற்கு முன் இருந்த அந்த ஓட்டு வீடு. கேமராக்காரர் கவனிக்காமல் ஓடவிட்ட இரண்டு நிமிடத்தில்தான் பெரும்பாலும் இதெல்லாம் இருக்கிறது. எனவே வெட்டிய துண்டைக் கேட்டால் கொடு, முழுக் கோப்பையும் சேர்த்துக் கொடு.

ஏஐ போட்டுக் காட்டினால் வாடிக்கையாளர் அசந்துபோகிறாரே என்பது அடுத்த எதிர்வாதம். உண்மைதான், அசந்துபோவார். ஆனால் விஎச்எஸ் கேசட்டில் பதிவான நுணுக்கம் குறுக்காக ஏறக்குறைய 240 கோடுகள்தான். அதை 4கே ஆக்கும்போது இல்லாததை மெஷின் தானாக வரைகிறது. தாத்தாவின் கன்னத்து அம்மைத் தழும்பை இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிடும், பாட்டியின் எட்டுக்கல் மூக்குத்தியை ஏதோ ஒரு பொட்டாக்கிவிடும். பார்க்க ஒரு பிரதியை அப்படிச் செய்வதில் தப்பில்லை, கோப்பின் பெயரிலேயே அதை எழுதிவிடு. அது மட்டுமே மிஞ்சினால் வீட்டில் இருப்பது தாத்தா மாதிரி ஒருவரின் படம். யூடியூபில் ஏற்றிவிட்டால் போதும் என்ற யோசனையும் நிற்காது. மிக்சிங் பாட்டுக்கு உரிமை கேட்டு எச்சரிக்கை வரும், சில நேரம் சத்தமே அடைபடும்.

பூஞ்சை பிடித்த கேசட்டை நல்ல டெக்கில் போடாதே. கேசட்டின் ஜன்னல் வழியாக வெள்ளைப் புள்ளி தெரிந்தாலே தனியாக எடுத்து வை. ஒரு கேசட்டின் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த பத்துக் கேசட்டுக்குப் போகும். மேல்கூடு உடைந்திருந்தால் அடியில் உள்ள ஐந்து திருகைக் கழற்றிச் சுருளை வேறு கூட்டுக்கு மாற்றலாம், ஒரு மணி நேர வேலை.

கூலியைக் கேசட்டுக்கு இவ்வளவு என்று பேசாதே, ஓடும் மணிக்கு இவ்வளவு என்று பேசு. மூன்று மணி நேர நாடாவை மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக யாராலும் எடுக்க முடியாது. கேசட் கணக்கில் கூலி வாங்குகிறவன் கடைசியில் பக்கத்தில் உட்காராமல் ஓடவிட்டுப் போய்விடுவான். வேலை முடிந்ததும் கேசட்டைத் திருப்பிக் கொடு, பின்னால் அதை இன்னும் நன்றாக எடுக்க வழி வரலாம். டெக்கின் மின்சுற்றைத் தாண்டி ஹெட்டிலிருந்து வரும் சிக்னலை நேராகப் பிடித்து, படத்தை சாஃப்ட்வேரிலேயே பிரித்தெடுக்கும் முறையை இப்போது சிலர் கையாள்கிறார்கள். அதிலும் நாடா ஹெட்டைத் தொட்டு ஓடித்தான் ஆக வேண்டும். அதனால் கோப்பு கைக்கு வந்தாச்சு என்று கேசட்டைக் குப்பையில் போட வேண்டாம் என்றும், ஒரு பக்கமாக முழுதாகச் சுற்றி, தரையை விட்டு உயரத்தில், புத்தகம் போல நிமிர்த்தி வைக்க வேண்டும் என்றும் வாங்கிப் போகிறவரிடம் சொல்லி அனுப்பு.